ஐந்தாவது போட்டி, ஏழாம் இடம்

பொன்னாடையாம். பொன்னும் கிடையாது, ஆடையும் கிடையாது. கழுத்தில் விழுந்த அடுத்த நிமிஷமே அரிக்க ஆரம்பிக்கிற பச்சை பாலியஸ்டர் துணி, ஓரத்தில் ஜரிகை என்று பேர் பண்ணிக்கொண்டு ஒரு மஞ்சள் கோடு. மேடை ஓரத்து மேசையில் அதை அடுக்கி வைத்திருந்த லட்சணத்தைப் பார்க்கவே இருதயராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. மனுஷன் கறி வாங்கிக் கொடுத்துவிட்டு லுங்கியோடு காலை நீட்டிப் படுக்கிற நேரம். அந்த நேரத்தில் உள்விளையாட்டரங்கத்தின் பின்பக்கக் கூடத்தில், ஏசி என்ற பெயரில் ஒன்று சும்மா உறுமிக்கொண்டிருக்க, மூன்றாவது வரிசை ஓரத்து பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு ஒட்ட உட்கார்ந்திருக்கவேண்டிய தலையெழுத்து. அவன் பக்கத்தில், நடைபாதையை அடைத்துக்கொண்டு, சக்கர நாற்காலியில் குணாளன். போகிற வருகிறவர்கள் எல்லாம் குணாளனின் காலை இடித்துவிட்டு, பிறகு அந்தக் காலுக்கு வலிக்காது என்று ஞாபகம் வந்து, இருந்தாலும் ஒரு மரியாதைக்கு ஸாரி சொல்லிவிட்டுப் போனார்கள். மேடைக்குப் பின்னால் பேனர்: 'பன்னாட்டு ரக்பிப் போட்டிகளில் நம் தேசிய அணி. பங்கேற்பு வரலாறு. நூல் வெளியீடும் மூத்த வீரர்கள் பாராட்டும்.' பங்கேற்பு. எவன் கண்டுபிடித்தானோ இந்த வார்த்தையை, அவன் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். ஜெயித்தவனை ஜெயித்தான் என்பார்கள், தோற்றவனைத் தோற்றான் என்பார்கள், இரண்டையும் சொல்ல நாக்கு கூசினால் பங்கேற்றான் என்று சொல்லிவிட்டு வடை சாப்பிடப் போகலாம். அந்த வார்த்தையை அச்சடித்த சான்றிதழைக் காட்டித்தானே விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை வாங்கினாய், அந்த வேலையில்தானே ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. மூடு வாயை என்றான் இருதயராஜ். "என்னடா?" என்றான் குணாளன். "ஒண்ணுமில்லடா. கொசு."

மேடையில் சிறப்பு விருந்தினர் பேசி முடித்திருந்தார். ஏதோ துறையில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. ரக்பி என்றால் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடுவார்களே அதுதானே என்று வாசலிலேயே கேட்டவர். அவரைக் குற்றம் சொல்லி என்ன, இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்பார்கள், மீதிப் பேர் கேட்கக்கூட மாட்டார்கள். "பந்து கோணலாக இருந்தாலும் நம் வீரர்களின் பாதை கோணியதில்லை" என்று அவர் எடுத்துவிட்டதற்கு முன்வரிசை கைதட்டியது. இவன் தட்டவில்லை. கோணலாம், பாதையாம். உன் பாதை வாசலில் நிற்கிற ஏசி கார் வரைக்கும் நேராகப் போகும், போய் ஏறிக்கொள்ளேன். அதற்குப் பிறகுதான் சங்கத்துச் செயலாளர் கோதண்டம் மைக்கைப் பிடித்தார். அவரை முப்பது வருஷமாகத் தெரியும். தலைமுடி கொட்டிவிட்டது, வயிறு இறங்கிவிட்டது, செயலாளர் பதவி மட்டும் அசையவில்லை. செத்தால் பாடையிலும் அந்தப் பலகையை மாட்டித்தான் தூக்குவார்கள். நூலில் இருக்கிற அட்டவணையைப் போட்டி போட்டியாக அவரே வாசிக்கப் போகிறாராம், ஒவ்வொரு போட்டி வரும்போதும் அதில் ஆடியவர்கள் மேடை ஏறவேண்டுமாம். சரி, ஏறித் தொலைக்கலாம். ஆனால் அடுத்து அவர் சொன்னதில்தான் இருதயராஜின் பிட்டம் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது. "ஐந்தாவது போட்டியில நம்ம பசங்க ஆடுன ரெண்டாவது ஆட்டத்தோட வீடியோ, அந்த ஊர் சங்கத்துக்காரங்க அனுப்பி வச்சிருக்காங்க. இருபத்தாறு வருஷத்துக்கப்புறம், இன்னைக்குத்தான், முதல் முறையா, நாம எல்லாருமே பார்க்கப் போறோம்." கூடம் ஓ என்றது. வீடியோவா? அந்த மைதானத்தில் கேமராவா இருந்தது? ஓரமாக ஒரு மரம் இருந்தது, அதற்குக் கீழே ஐஸ் பெட்டி, மேனேஜர் ஹரிபாபுவின் வெள்ளைத் தொப்பி. கேமராவை யார் பார்த்தது? குணாளன் திரும்பினான். கழுத்தை முழுதாகத் திருப்ப முடியாது, கண்ணைத்தான் ஓட்டுவான். "படத்துல வரோம்டா மச்சான்" என்றான். "மூஞ்ச தொடச்சுக்கோ."

முதல் போட்டி. கீழ்த்திசைக் கோப்பை. அழைப்பு வந்தது, அணி அனுப்பப்படவில்லை. கோதண்டம் இதைக் கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற ராகத்தில் வாசித்தார். இரண்டாவது போட்டி, அழைப்பு பெறப்படவில்லை. ஏன் பெறப்படும்? முதல் தடவை கூப்பிட்டு வராதவனை ரெண்டாம் தடவை கூப்பிட அவனுக்கு என்ன வேண்டுதலா? மூன்றாவது போட்டி, பதிவு செய்து, விலகல். விசா. அது விசா இல்லை. விண்ணப்பத்தில் பதினைந்து பேருடைய போட்டோவையும் மாற்றி மாற்றி ஒட்டிவிட்டார்கள், இருதயராஜின் பெயருக்கு மேல் கூட ஆடுகிற தண்டபாணியின் மீசை. அதிகாரி சிரித்தானாம். அந்த மூன்றையும் சேர்த்து இதோ வரலாறு என்று வழுவழுத் தாளில் அச்சடித்து, அட்டையில் பாயும் புலி படம் போட்டு. போகாதது ஒரு வரலாறு, கூப்பிடாதது ஒரு வரலாறு. வெட்கம் மானம் சூடு சொரணை எதுவும் இல்லாதவன்தான் சங்கத்துக்குச் செயலாளராக முடியும் போலிருக்கிறது. இன்னும் இரண்டு வரி. நாலாவது வரும், அப்புறம் ஐந்தாவது. கேமரா எந்தப் பக்கம் இருந்திருக்கும்? மரத்துப் பக்கம் என்றால் எதிர்வெயில், ஒன்றும் தெரியாது. கோல் கம்பத்துப் பக்கம் என்றால். அங்கே ஒரு இரும்புப் படிக்கட்டு மேடை இருந்தது, அதில் நாலைந்து பேர் குடையோடு உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. புல் வாசனை, மண் வாசனை, அதோடு வலி போக்குகிற தைலத்தின் காட்டம். தலையோடு தலை முட்டித் தள்ளுகிற ஸ்க்ரம்மில் காதோரம் தேய்ந்துவிடும் என்று வாஸ்லின் தடவிக்கொள்வார்கள், அதன் பிசுபிசுப்பு விரலில் இப்போதும் இருக்கிற மாதிரி அவன் சட்டையில் துடைத்துக்கொண்டான். எதற்காக இப்போது பயம்? யாருக்கு என்ன தெரியும்? பார்க்கிறவன் எல்லாம் மண்ணாந்தை. பக்கத்தில் இருக்கிறவனைத் தவிர. அவன் பார்ப்பானே. அன்றைக்கு அவன் மல்லாந்து கிடந்தான், வானத்தைத்தான் பார்த்திருப்பான், இன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே இருந்து பார்க்கப் போகிறான்.

நான்காவது போட்டி, பங்கேற்பு, எட்டு அணிகளில் எட்டாம் இடம். அதற்கும் கைதட்டு. மேடை ஏறியவர்களில் ரெண்டு பேருக்கு முட்டி மடங்கவில்லை, ஒருவனுக்குக் காது முறுக்கு மாதிரி சுருண்டிருந்தது. அந்த எட்டாம் இடத்தில்தான் வந்தது வினை. அடுத்த தடவையும் கடைசி வந்தால் கோப்பையிலிருந்தே கழித்துக்கட்டிவிடுவார்கள் என்று கடுதாசி. பங்கேற்பு போய்விடும்! பங்கேற்பு போனால் சான்றிதழ் போய்விடும், சான்றிதழ் போனால் ஒதுக்கீடு, ஒதுக்கீடு போனால் பையன்களுக்கு வேலை. பையன்கள் கிடக்கட்டும், கோதண்டத்துக்கு வெளிநாட்டுப் பயணம் போய்விடும். அதுதான் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்காக நல்ல அணியைத் தயார் பண்ணினார்களா? ஸ்க்ரம் என்றால் எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் கோத்துக்கொண்டு நெட்டித் தள்ளுவது. முன்னால் நிற்கிற மூன்று பேருடைய கழுத்தில்தான் அத்தனை எடையும் இறங்கும், ரெண்டு ஓரத்திலும் ப்ராப், நடுவில் ஹூக்கர். இவன் ப்ராப். குணாளன் ஹூக்கர், ரெண்டு கையையும் ரெண்டு தோள்மேல் போட்டுக்கொண்டு நடுவில் தொங்குவான். அதற்கென்று பழகாதவனை அங்கே நிறுத்தினால் கழுத்து முறியும், அதனால் சட்டமே இருக்கிறது: முன்வரிசைக்காரன் ஒருவன் அடிபட்டு வெளியே போய், பழகிய மாற்று ஆள் இல்லை என்றால், அன்றைக்கு அதற்கப்புறம் ஸ்க்ரம்மில் யாரும் தள்ளக்கூடாது, சும்மா சாய்ந்து நிற்கவேண்டும். மாற்று ஆளாகத் தண்டபாணி இருந்தான், பெரம்பூரில் எருமை மாதிரி வளர்ந்தவன், தங்கமான பிள்ளை. அவன் சீட்டில் விமானம் ஏறியவர் கோதண்டத்தின் மச்சினர் ஹரிபாபு. மேனேஜராம். பந்துக்கு எந்தப் பக்கம் மூக்கு என்று தெரியாத மேனேஜர். தண்டபாணி அழுதுகொண்டே வழியனுப்ப வந்தான். விமானத்தில் அந்த ஹரிபாபு ரெண்டு தட்டு சாப்பாடு வாங்கித் தின்றதை இருதயராஜ் பார்த்தான்.

ஆனால் பந்தைத் தெரியாதவனுக்குத்தான் சட்டத்தின் ஓட்டை தெரிகிறது. அதைச் சொல்லவேண்டும். முதல் ஆட்டத்தில் எதிராளிகள் ஒவ்வொருவனும் நம்ம ஊர் மாட்டு வண்டி சைஸ், இடைவேளை வரைக்கும் ஸ்க்ரம்மில் வைத்துத் தேய்த்தார்கள். ஹரிபாபு வெள்ளைத் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே வந்து, "ஏம்பா, உங்கள்ல ஒருத்தன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா தள்ளு நின்னுடுமாமே?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இருதயராஜும் பார்த்தான். பார்த்துவிட்டு, அடுத்த அஞ்சாவது நிமிஷம் போய் விழுந்தான். யார் விழச் சொன்னது அவனை? நாட்டுக்காகவா? நாடு அப்போது கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்குத் தோள் வலித்தது, அவ்வளவுதான், எதிரில் நின்ற தடியனுடைய தாடை ஒவ்வொரு தடவையும் இவன் கழுத்துப் பொருத்தில் வந்து இறங்கியது, இன்னும் முப்பது நிமிஷம் அதை வாங்கிக்கொள்ளத் தெம்பில்லை. பயந்துதான் விழுந்தான். விழுந்து, கழுத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஐயோ அம்மா என்று கத்தினான். ரெஃப்ரி ஓடி வந்தார், ஸ்ட்ரெச்சர் வந்தது, எதிரணித் தடியன்கூட வந்து பாவமாகப் பார்த்து இவன் காலைத் தட்டிக்கொடுத்தான். தள்ளு நின்றது. பதினாலே புள்ளியில் தோற்றார்கள், எண்பதில் தோற்றிருக்க வேண்டியது. அந்தக் கணக்குதான் கடைசியில் ஏழாம் இடம். ராத்திரி சாப்பாட்டில் ஹரிபாபு இவன் தட்டில் தன் கையால் கோழித் துண்டு எடுத்து வைத்தார். இவன் தின்றான். ருசியாகத்தான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் துப்பவேண்டும் போலிருக்கிறது.

"ஐந்தாவது போட்டி" என்றார் கோதண்டம். விளக்கை அணைக்கச் சொன்னார். யாரோ தப்பான சுவிட்சைப் போட, மின்விசிறிகள் நின்றன, விளக்கு அணையவில்லை, மறுபடி போட்டார்கள். இப்போதே எழுந்து போய்விட்டால் என்ன? ஒன்றுக்கு என்று விரலைக் காட்டிவிட்டுப் போனால் பத்து நிமிஷம். ஆனால் குணாளனைத் தனியாக விட்டுவிட்டா? வாயோரம் வழிந்தால் துடைக்க ஆள் வேண்டுமே. நல்ல சாக்கு. எழுந்து போகத் தைரியமில்லாதவனுக்கு எப்போதும் ஒரு நல்ல சாக்கு. ரெண்டாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் ஹரிபாபு அறைக்கு வந்தார். "நாளைக்கும் விழணும். ஆனா அதே ஆளு ரெண்டு வாட்டி விழுந்தா அந்த வெள்ளைக்கார ரெஃப்ரி கண்டுபிடிச்சுடுவான்." அப்போது யார் சொன்னது? இந்த இருதயராஜ்தான் சொன்னான். "குணா விழட்டும் சார். அவன் நல்லா நடிப்பான்." குணாளனும் உடனே கட்டிலில் விழுந்து, கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் செருகி, இவன் ஐயோ அம்மா என்று கத்தினதை அப்படியே கத்திக் காட்டினான். அறையே உருண்டு சிரித்தது. இடைவேளை முடிந்து பத்தாவது நிமிஷம் என்று பேசி வைத்தார்கள். அவன் ஆறாவது நிமிஷமே விழுந்தான். ஸ்க்ரம் இறங்கியது, இவன் தோளில் கிடந்த குணாளனின் கை கழன்றது, முகமெல்லாம் சேறு. அவசரக்குடுக்கை, முந்திக்கொண்டான் என்றுதான் நினைத்தான் இருதயராஜ். கோச் ஒருவர் இருந்தார் அந்தக் காலத்தில், பழைய ராணுவக்காரர், அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்: விழுந்தவன் கழுத்து என்று சொன்னால் தொடாதே, அப்பன் வந்து சொன்னாலும் தொடாதே. விழுந்தவன் கழுத்து என்று சொல்லவே இல்லை. கத்தவும் இல்லை. மல்லாந்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு கிடந்தான். கையும் கழுத்துக்குப் போகவில்லை. ரெஃப்ரி ஓடி வருகிறார், குணா வசனத்தை மறந்துவிட்டுக் கிடக்கிறான் பார்! இருதயராஜ் மண்டியிட்டு அவன் கையை எடுத்து அவன் கழுத்தில் வைத்தான். அது வழுக்கிப் புல்லில் விழுந்தது. ஈரம் என்று நினைத்தான். மறுபடி எடுத்து வைத்து, "பிடிச்சுக்கோடா, பார்க்கிறாங்க" என்றான். மறுபடி விழுந்தது. அப்போதாவது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா, மாடு? புரியவில்லை. இன்னும் கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்று, சினிமாவில் செய்வார்களே, அந்த மாதிரி, பிடரிக்குக் கீழே கையைக் கொடுத்துத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

எது செய்தது? ஸ்க்ரம் செய்ததா, மடி செய்ததா? இருபத்தாறு வருஷம் இந்த ஒரே இடத்தில் செக்கு சுற்றியாகிவிட்டது. விழும்போதே கழுத்து நரம்பு போய்விட்டிருந்தால், கை அப்போதே அசையவில்லையே, அப்படியென்றால் விழும்போதே போய்விட்டது, மடிக்கு அதில் பங்கில்லை. ஆனால் வீக்கம்தான், எலும்பு நகரவில்லை, அசைக்காமல் இருந்தால் பாதியாவது திரும்பும் என்கிற மாதிரியும் கேஸ்கள் உண்டாம், ஒரு பத்திரிகையில் படித்தான், அன்றிலிருந்து ஆரோக்கியப் பக்கம் வந்தாலே தாளைத் திருப்பிவிடுவான். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். சுருட்டை முடி, சின்ன வயசு. விழுந்ததுக்கப்புறம் இவரை யாராவது அசைத்தீர்களா, தலை, கழுத்து, தோள், எதையாவது தூக்கினீர்களா என்று நிதானமாக இங்கிலீஷில் கேட்டார். கட்டிலில் கழுத்துப் பட்டையோடு குணாளன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான், தூக்கத்துக்கு மருந்து கொடுத்திருந்தார்கள். ஹரிபாபு கூரையைப் பார்த்தார். இருதயராஜ் நோ சார் என்றான். அதற்கு டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த நோ சாருக்கு வட்டியாகத்தான் வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டேரிக்குப் போய் குணாளனுக்கு ஷேவிங் பண்ணி, நகம் வெட்டி, முதுகுக்குப் பவுடர் போட்டுவிட்டு வருகிறான். தெருவே மெச்சுகிறது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு சினேகிதனா! இருதயராஜின் வீட்டுக்காரி ஃபிலோமினா பங்குத் தந்தையிடமே சொல்லிப் பெருமைப்பட்டாள். பெருமைப்படு தாயே. உனக்கென்ன தெரியும்? குணாளனின் தங்கை காபி கொடுக்கும்போது அண்ணே என்று கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் தொண்டையில் மீன் முள். சொல்லிவிடலாம் என்று போன ஞாயிறுகள் உண்டு. சோப்பு நுரையைத் தடவியதும் குணாளன் கண்ணை மூடிக்கொள்வான், தொண்டையை நீட்டிக்கொடுப்பான், அந்தக் கழுத்தைப் பார்த்ததும் வாய் வராது. அடுத்த வாரம் சொல்லலாம். ஆயிரம் அடுத்த வாரம் போய்விட்டது.

படம் ஓடியது. குலுங்கிக் குலுங்கி, கோடு கோடாக, சேறும் சட்டையும் ஒரே நிறமாக. கோல் கம்பத்துப் பக்கம்தான். படிக்கட்டு மேடையில் குடைக்காரன் ஒருவன்தான் எடுத்திருக்கிறான், குடை விளிம்பு மூலையில் தெரிகிறது. ஸ்க்ரம் இறங்கியது. முதுகுகள். முதுகுகள் விலகின. ஒருவன் கிடக்கிறான், ஒருவன் மண்டியிடுகிறான். இத்தனை தெளிவாகத் தெரியவேண்டாம், கடவுளே, மாதாவே, இத்தனை தெளிவாக வேண்டாம். கையை எடுத்துக் கழுத்தில் வைக்கிறான். விழுகிறது. வைக்கிறான். விழுகிறது. தலையைத் தூக்குகிறான், மடியில். அங்கே கோதண்டம் படத்தை நிறுத்தச் சொன்னார். திரை முழுக்க அந்த மடி. இப்போது யாராவது ஒருவன் எழுந்து, டேய், கழுத்தடி பட்டவனைத் தூக்கக்கூடாதே என்று கேட்பான், கேட்கத்தான் வேண்டும், இத்தனை பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஒரு பாடத்தைப் படிக்காதவன் இந்தக் கூடத்தில் ஒருவன்கூட இல்லை. "பாருங்க" என்றார் கோதண்டம், குரல் தழுதழுக்க. "விழுந்த நண்பனோட கையைப் பிடிச்சு, மடியில தாங்கிக்கிறார் பாருங்க! இதுதான் ரக்பி. இதுதான் தோழமை!" கூடம் எழுந்து நின்று தட்டியது. முட்டி மடங்காதவனும் எழுந்தான். முறுக்குக் காதுக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிறப்பு விருந்தினர் மேடையிலிருந்து இவனைப் பார்த்துக் கும்பிட்டார். அட மடப்பசங்களா. கண்ணுக்கு முன்னால் கொலையைக் காட்டினாலும் பின்னால் வயலின் வைத்துப் பார்க்கிற ஜென்மங்களா. தப்பித்தோம் என்று உடம்பு தளர்ந்ததை அவனே கவனித்தான், காறி உமிழத் தோன்றியது, யார்மேல் என்று தெரியாமல் இல்லை. பக்கத்தில் குணாளன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்ட முடியாத கை மடியில் கிடந்தது. "நல்லா எடுத்திருக்கான்" என்றான் மெதுவாக.

மேடைக்குச் சாய்தளம் கிடையாது. முப்பது வருஷ வரலாற்றுக்குப் புலிப் படம் போட்டவர்களுக்கு நாலு பலகை ஆணியடிக்க வக்கில்லை. அதனால் சிறப்பு விருந்தினரே கீழே இறங்கி வந்தார், அதற்கும் ஒரு கைதட்டு. பொன்னாடை குணாளன் தோளில் விழுந்தது, இவன் தோளில் விழுந்தது, சொன்ன மாதிரியே அரித்தது. பிறகு கேடயம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், நடுவில் பொன்னிறப் பந்து, கீழே 'ஐந்தாவது போட்டி, ஏழாம் இடம்'. அதைக் குணாளன் மடியில் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "சார், நீங்க அவர் கையை எடுத்துக் கேடயத்து மேல வைங்க. அவரே பிடிச்சிருக்கிற மாதிரி வரணும்" என்றார். இருதயராஜ் குனிந்தான். கையை எடுத்தான். நேற்று அவன் வெட்டிய நகம், அவனுக்குத் தெரிந்த கை. இன்றைக்கு விழா என்பதால் ஷேவிங்கும் நகமும் நேற்றே ஆகிவிட்டிருந்தது. கேடயத்து விளிம்பில் வைத்தான். வழுக்கி மடியில் விழுந்தது. "இன்னொரு வாட்டி சார்." மறுபடி எடுத்து வைத்தான். மறுபடி விழுந்தது.

"அன்னைக்கும் ரெண்டு வாட்டிதான் வச்ச" என்றான் குணாளன்.

சிரித்த முகத்தோடு சொன்னான், போட்டோவுக்கு வைத்த சிரிப்பு அப்படியே இருந்தது. யாருக்கும் கேட்டிருக்காது. இருதயராஜ் குனிந்தபடியே நின்றான். எதையாவது சொல்லவேண்டும், இப்போது சொல்லாவிட்டால் இனி எந்த ஞாயிறும் இல்லை. "குணா, அந்த டாக்டர்... யாராவது தூக்குனீங்களான்னு கேட்டாருடா. நான்..."

"நோ சார்னு சொன்ன." குரலை உயர்த்தவில்லை. "பக்கத்துலதானே படுத்திருந்தேன். எனக்குக் கழுத்துக்குக் கீழதான்டா போச்சு. காது போகல."

"அப்பவேவா?"

"பின்ன?"

"இத்தன வருஷமா ஏன்டா..."

"கேட்டிருந்தா நீ ஓடிப்போயிருப்ப. எனக்கு யாரு ஷேவிங் பண்றது?" அவன் கண் திரும்பி இவன்மேல் வந்து நின்றது. அதில் கோபம் என்று ஒன்றுகூட இல்லை. கோபம் இருந்தால் காலில் விழுந்திருக்கலாம். மேடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரையும் காலையிலிருந்து இருதயராஜ் என்ன பார்வை பார்த்துக்கொண்டிருந்தானோ, அதே பார்வை, அதைவிடப் பழையது, ஓட்டேரியில் சோப்பு நுரைக்கு அடியில் மூடின கண்ணுக்குள் இருபத்தாறு வருஷம் ஊறியது. இவன்தான் அதைப் பார்த்ததில்லை.

"சார், பிடிச்சாச்சா?" என்றார் போட்டோக்காரர்.

இருதயராஜ் அந்தக் கையைக் கேடயத்தில் வைத்து, தன் கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டான். அப்படித்தான் நிற்கும். வேறு வழியில் நிற்காது. ஃப்ளாஷ் அடித்தது. "அருமை, அருமை" என்றார் சிறப்பு விருந்தினர், யாருக்கும் கொடுக்காத கையை இவன் முதுகில் வைத்து. மேடையில் கோதண்டம் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "ஆறாவது போட்டி. பங்கேற்கவில்லை."

"அடுத்த வாரம் வரும்போது புது பிளேடு வாங்கிட்டு வா" என்றான் குணாளன். "நேத்து எரிஞ்சுது."

"சரிடா" என்றான் இருதயராஜ். போட்டோக்காரர் போய்விட்டிருந்தார். அவன் கையை எடுக்கவில்லை.